திங்கட்கிழமை நாற்றம்

நான் நுண்ணுயிரியல் படித்தவள். முதல் வகுப்பில் தேறியவள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கல்யாணமாகி அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் இதைப் பொருட்படுத்தியதில்லை. "கிருமிப் படிப்பா?" என்று சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். என் கணவருக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பட்டறை. கையால் ஓட்டுகிற பழைய கடைசல் லேத் ஒன்று, கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷின் இரண்டு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இருக்கிற கம்பெனிகளுக்கு புஷ் என்கிற இரும்பு வளையங்கள் கடைந்து கொடுப்பார். பில் போடுவது என் வேலை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று இவர் என் படிப்பைச் சீண்டும்போதெல்லாம், "கறி வைக்கத் தெரிஞ்சவங்க கையில குடுத்தாத்தானே" என்பேன்.

இரும்பைக் கடையும்போது சூடு தணிய எண்ணெயும் தண்ணீரும் கலந்த, பால் நிறத் திரவம் ஒன்று மேலே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூலன்ட் என்போம். மெஷினுக்கு அடியில் இருக்கும் டாங்க்கிலிருந்து மோட்டார் அதை உறிஞ்சி, குழாய் வழியாக மேலே அனுப்பும். அது வழிந்து மறுபடி டாங்க்குக்கே வரும். போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து, திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. மறுநாள் தெருவே மூக்கைப் பிடிக்கும். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மாமே, எலி செத்துப்பூச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் ஆபரேட்டர் நாங்கள் முதல் மெஷின் வாங்கியதிலிருந்து எங்களிடம் இருப்பவர். சனிக்கிழமை கடைசியாக மெஷினை நிறுத்துகிறவர் அவர்தான். மதியம் தினமும் தயிர் சாதம். இது போதாதா? டாங்க்கில் சோற்றைக் கழுவி ஊற்றுகிறார் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை, அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்களெல்லாம் டீ கிளாஸோடு நின்றிருந்த நேரத்தில், பட்டறை வாசலிலேயே அவரைக் கேட்டுவிட்டார்.

"ஏன்டா, சோத்தக் கழுவி டாங்க்ல ஊத்திகினு கீறியா?"

"சத்தியமா இல்லண்ணே. வெளிய கீற கொயாய்லதான் கழுவறேன்."

"அப்ப நாத்தம் இன்னா வானத்துலேந்து வந்துச்சா? நாளைலேந்து நீ வராத, போ."

ஆபரேட்டர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். எங்கள் தெருவில் பேசிய பேச்சு அடுத்த டீ வேளைக்குள் எஸ்டேட் வரை போய்விடும். டாங்க்கில் சோற்றைக் கொட்டுகிற ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் சிரித்து அனுப்பினார்களாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

இவர் ஆபரேட்டர் ஓட்டிய மெஷினின் டாங்க்கைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுக் கூலன்ட் ஊற்றினார். அந்த மெஷினைத் தானே ஓட்டினார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு வந்த திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால், அதே நாற்றம்.

"இந்த வாரம் தயிர் சாதம் யாரு கொட்டினது?" என்று கேட்டேன்.

"அவன் கொட்னது இன்னும் போகல" என்று முனகினார் இவர். எனக்கு அது போதும். கிருமி வந்து ஒட்டுகிறதா என்று பார்க்க, அன்றைக்கே ஒரு கண்ணாடித் துண்டை நூலில் கட்டி டாங்க்குக்குள் தொங்கவிட்டேன். மறுநாள் அதை எடுத்துத் தண்ணீரில் நன்றாக அலசி, அம்பத்தூரில் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கும் என் வகுப்புத் தோழியிடம் கொண்டுபோனேன். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். அலசியும் போகாமல் கிருமிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் குழலில் கண்ணை வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்து, மோட்டாரிலிருந்து மேலே போகும் ரப்பர் குழாயைக் கழற்றச் சொன்னேன். இவர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். நீளவாக்கில் கத்தியால் கிழித்து விரித்தேன். இரண்டு நாள் தண்ணீர் வைத்த பிளாஸ்டிக் குடத்தின் உள்புறம் எப்படி வழவழவென்று இருக்கும், அதைவிடப் பத்து மடங்கு. பழுப்பு நிறத்தில் ஒரு ஏடு. அதே அழுகிய முட்டை நாற்றம்.

"பழைய லேத்ல டூல் முனை இரும்பைத் தொட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? சத்தம் மாறும். மோட்டருக்கு லோடு ஏறும். கண்ண மூடிகினே சொல்வேன்."

"இந்தக் கிருமிக்கும் கண்ணு கிடையாது. பின்னாடி வால் இருக்கு. அதைச் சுத்துறதுக்கு அடியில ஒரு மோட்டர் இருக்கு. நீந்திக்கிட்டே வந்து குழாய்ச் சுவர்ல மோதினா வால் சுத்த முடியாம திணறும், மோட்டருக்கு லோடு ஏறும். சுவர் வந்துடுச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அப்படிப் பார்த்ததில்லை. மேலே சொன்னேன். சில வகைகளுக்கு மெல்லிய ரோமம் போலவும் உண்டு. அதை நீட்டிச் சுவரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். முதலில் லேசாகத்தான் ஒட்டும், பிடிக்காவிட்டால் கழன்று போய்விடும். தங்கலாம் என்று ஆனால் உள்ளே ஒரு சின்ன வேதிப்பொருள் கூடும். நீந்துவதை நிறுத்து, பசையைச் சுரந்துகொள் என்று அதுதான் உத்தரவு போடும். அப்புறம் வால் வேண்டாம். பிளந்து பெருகும், போகிறவை வருகிறவையெல்லாம் சேரும், பசைக்குள்ளே ஒரு குடியிருப்பே எழும்பிவிடும். திரவத்தில் மிதப்பவை மருந்து ஊற்றினால் செத்துவிடும், பசைக்குள் இருப்பவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்தத் தொடு உணர்வு எப்படி வேலை செய்கிறது என்பதையே விஞ்ஞானிகள் இன்னும் முழுதாகக் கண்டுபிடித்தபாடில்லை.

"அப்ப நான் டாங்க்க மட்டும் கழுவிட்டு..."

"புதுப் பாலைப் பழைய குழாய் வழியா விட்டீங்க. ஞாயித்துக்கிழமை மெஷின் நிக்குது. மேல எண்ணெய் மிதந்து மூடிக்குது, காத்து போகல. காத்து இல்லாம வாழுற ஜாதிக்கு அன்னைக்குத்தான் விருந்து. நாத்தம் அதுங்களோடது. தயிர் சாதத்தோடது இல்ல."

குழாய்களை மாற்றினோம். மோட்டாரைப் பிரித்துத் தேய்த்தோம். மிதக்கிற எண்ணெயைத் தினமும் வழித்தெடுக்கச் சொன்னேன். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் காற்றுக் குமிழி விடுகிற குட்டி மோட்டார் ஒன்று வாங்கி வந்து டாங்க்கில் போட்டேன். "மெஷினுக்குள்ள மீன் வளக்கப் போறியா?" என்றார் இவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுவிட மறக்கவில்லை. திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால் வெறும் எண்ணெய் வாசனை. அடுத்த திங்களும் அப்படியே. நான் தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன், நடக்காமல் என்ன?

ஆபரேட்டருக்கு நான் போன் செய்தேன். வேலைக்கு வரச் சொன்னேன். "வரேன்க்கா. ஆனா எல்லார் முன்னாடியும் சொன்னாரு இல்ல? எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லட்டும்" என்றார். நியாயம்தானே. ஆனால் இவர் தன் வாயால் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை, இவரைப் பெற்றவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் இதையும் சொல்லி இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள், ஒன்றும் சொல்லாமல் கிழித்த குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனார். ஆபரேட்டரையும் இவரே அங்கே வரவழைத்திருந்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"கேட்டுக்கோங்கப்பா" என்றார் இவர், டீ குடித்துக்கொண்டிருந்த பட்டறை ஆட்களைப் பார்த்து. "இவன் ஒண்ணும் கொட்டல. நாத்தம் என் கொயாய்க்குள்ள இருந்துச்சு. தெரியாம இவன் மேல பழி போட்டுட்டேன். தப்பு என்னுது."

ஆபரேட்டர் குழாயை வாங்கி, உள்ளே காய்ந்துபோயிருந்த ஏட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத ஊட்டுக்கு எடுத்துகினு போவட்டாண்ணே?"

"இது இன்னாத்துக்குடா?"

"எம்பொண்ணு கேட்டுட்டாண்ணே. 'நீ கொட்னியாப்பா'ன்னு."

இவர் முகம் மாறியது. குழாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பைக் சாவியை எடுத்தார். "ஏறு பின்னால. நானே வந்து சொல்றேன்."

இரண்டு பேரும் கள்ளிக்குப்பம் பக்கம் திரும்பியதும் டீக்கடைக்காரர் என்னிடம், "அண்ணாத்தே எங்கம்மா கெளம்பிட்டாரு?" என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாரு, என் வீட்டுக்காரர்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.