ஆரஞ்சு இல்லாத ஆரஞ்ச் பெக்கோ

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் தேயிலைக் கடைக்குப் போன வாரம் ஒரு மலாய்ப் பெண்மணி, பிரித்த பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். “காக், பாவ் ஓரேன் தக்டே லா,” என்றார். அக்கா, ஆரஞ்சு வாசனையே இல்லை என்கிறார். பொட்டலத்தின் மேல் ஆரஞ்ச் பெக்கோ என்றுதான் எழுதியிருக்கிறது. அவர் மேல் என்ன தப்பு? என் அரைகுறை மலாயில், பழம் இல்லை, பெரிய இலை என்று கையை விரித்துக் காட்டினேன். பெரிய பொட்டலம் வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் இலை சலித்தவள் நான். காய்ந்த இலையைச் சல்லடைகளில் விட்டால் முழு இலை மேலே தங்கும். அதுதான் ஆரஞ்ச் பெக்கோ. உடைந்தது அதற்குக் கீழே, புரோக்கன். கடைசியில் விழும் பொடி, டஸ்ட். பெயரைக் கேட்டால் கூட்டித் தள்ளிய குப்பை மாதிரி இருக்கும். ஆனால் நல்ல கொழுந்தின் டஸ்ட், முற்றிய இலையின் பெக்கோவை ஒரே மடக்கில் தோற்கடித்துவிடும். அந்தப் பெயரெல்லாம் அளவுக்கு வைத்தது. தரத்தை நாக்குதான் சொல்ல வேண்டும். கிள்ளான்காரரைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து இங்கே வந்தபோது நான் கொண்டுவந்த சீதனம் இந்த நாக்குதான்.

கடை முதலாளி இங்கேயே செந்தூலில் பிறந்து வளர்ந்த தமிழர். அந்தப் பெண்மணி நிற்கும்போதே ஒரு சின்னப் புட்டியை என் முன்னால் வைத்தார்.

“ஓரேன் எசன்ஸ். ரெண்டு சொட்டு போட்டா முடிஞ்சிச்சு லா, அக்கா.”

“அது பழத்தோட பேரு இல்ல, பாஸ்.”

“கஸ்டமருக்குச் சல்லடை பாடம் நடத்தப் போறீங்களா?”

“நடத்துறேன். எசன்ஸ் ஊத்துறதுன்னா நீங்களே ஊத்திக்குங்க. நாளைக்கு நான் வரல.”

சொல்லிவிட்டேன். இந்த வேலை போனால் கிள்ளானில் நான் மறுபடி ‘ஊர்லேருந்து வந்த மருமக’ மட்டும். ஆனாலும் நல்ல இலையில் சென்ட் அடித்து விற்க என்னால் ஆகாது. அதே பொட்டலத்திலிருந்து ஒரு கோப்பை போட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் அந்தப் பெண்மணியிடம் நீட்டினேன். சந்தேகத்தோடு உறிஞ்சினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி புட்டியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கொஞ்ச நேரம் கழித்துப் புது லேபிள்களை என்னிடம் கொடுத்து, “அப்ப நீங்களே வெளக்கமா எழுதுங்க. எந்த ஊரு தேயிலன்னும் போடுங்க. ரெண்டும் கலந்ததுதானே, பாதி உங்க குன்னூர், பாதி எங்க கேமரன் மலை,” என்றார்.

எழுதினேன். கோமுட்டர் ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது, எல்லா லேபிளிலும் கேமரனை முதலில் எழுதியிருக்கிறேன். என் மேலேயே கோபம் வந்தது. மறுநாள் குன்னூரை முதலில் எழுதினேன். அன்று சாயங்காலம் அதுவும் உறுத்தியது.

இப்போது அலமாரியில் இரண்டு விதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எது சரி என்று முதலாளி தினமும் கேட்கிறார். இரண்டும் சரி என்கிறேன். ஒன்றைக்கூடக் கிழிக்க விடமாட்டேன்.