என் கார்க் கூட்டாளி சென்னியப்பன்

கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தபோது மோகனூர்க் கட்சிக்காரர் ஒருவர் வேகமாக வந்து, "வக்கீலய்யா, உங்க கார்க் கூட்டாளி விடியக்காலம் போய்ட்டாருங்க" என்றார். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. சென்னியப்பனும் நானும் பழைய கார் ஒன்றைக் கூட்டாக வைத்திருந்தது நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் இடையே எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. கையிலிருந்த கேஸ் கட்டைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரை அறிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களிடம் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவருக்குக் காவிரிக்கரையில் கரும்புத் தோட்டம், எனக்கு வக்கீல் தொழில். டிரைவர் வைப்பதற்கு இருவருக்கும் மனமில்லை. "காரை ஓட்டறவன் கார்க்காரன் இல்லீங்க வக்கீலு. அதுக்கு அடியில படுக்கறவன்தான் கார்க்காரன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக் களத்தில் கார் நிற்கும். ஒரு வாரம் அவர் அடியில் படுப்பார், நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். மறுவாரம் நான் படுக்க வேண்டும். காற்று வடிகட்டியின் கம்பிவலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசினால், ராசிபுரம் ரோட்டுப் புழுதி முழுவதும் கலங்கலாக இறங்கும். ரேடியேட்டருக்கு ஆற்றுத் தண்ணீர்தான் ஊற்றுவார். கிணற்றுத் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

முதன்முதலில் ஆயில் மாற்றிய நாளை மறக்க முடியாது. பழைய ஆயிலை இறக்கிப் பிடிக்கப் பாத்திரம் தேடி, அடுக்களையிலிருந்து பருப்புச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி பாவாயி வெளியே வந்து பார்த்து, "ஏனுங்கண்ணா, அவருக்குத்தான் புத்தியில்லை, படிச்ச உங்களுக்குமா இல்லை? இனி ரெண்டு பேரும் அந்தக் கருப்புத் தண்ணியிலயே சோத்தைப் பிசைஞ்சு தின்னுங்க" என்று ஒரு பிடி பிடித்தாள். சென்னியப்பன் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. காலை மட்டும் ஆட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அன்றே அவர் ஒரு கட்டுப்பாடும் போட்டார். ஆயில் மாற்றும்போது இருவரும் கூட இருக்க வேண்டும். புது ஆயிலை இருவரும் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். "கூட்டு வண்டிங்க. ஒருத்தன் கண்ணுக்குத் தெரியாம இன்னொருத்தன் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது" என்றார். நானும் கோயில் வாசலில் சத்தியம் செய்தவன் மாதிரி அதைக் கடைப்பிடித்தேன்.

யுத்தம் வந்தது. பெட்ரோலும் ஆயிலும் அரிதாகிவிட்டன. சேலத்தில் தெரிந்தவர் ஒருவரைக் கெஞ்சி ஒரு டின் ஆயில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து அவரிடம் சேர்த்தேன். அந்த ஞாயிறு என் மனைவி காய்ச்சலில் கிடந்ததால் போக முடியவில்லை. மறுநாள் காரோடு அவரே வந்தார். "அவசரத்துக்கு வேணுமேன்னு நானே மாத்திட்டேனுங்க" என்றார். கட்டுப்பாட்டை மீறியதுகூட எனக்காகத்தான் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் காட்டுவதற்காக மனைவியை அதே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வெண்ணந்தூர்ப் பிரிவைத் தாண்டியதும் என்ஜின் முனகி, இறுகி, நின்றேவிட்டது. கொளுத்தும் வெயிலில், நினைவு தப்பிக்கொண்டிருந்தவளை மாட்டுவண்டி ஒன்றில் கிடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிழைத்துக்கொண்டாள். என்ஜினைப் பிரித்த சேலத்து மெக்கானிக், உள்ளே கோந்து மாதிரி ஒட்டிக் கிடந்ததை வழித்து முகர்ந்தார். "ஏனுங்க, பேதிக்குக் குடிக்கிற வெளக்கெண்ணெயை வண்டிக்கு ஊத்திருக்கீங்களே! பழைய ஆயிலோட சேர்ந்து பிசினாகி, பேரிங்கெல்லாம் வெந்துபோச்சுங்க" என்றார்.

விஷயம் புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நேரே மோகனூர்த் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நான் மடியில் சுமந்து வந்த டின் காலியாகக் கிடந்தது. கரும்பு காய்ந்துகொண்டிருந்த சமயத்தில் அந்த என்ஜினுக்கு ஆயில் இல்லாமல் போயிருக்கிறது. நல்லதை அதற்கு ஊற்றிவிட்டு, காருக்கு வீட்டில் இருந்த விளக்கெண்ணெயை ஊற்றியிருக்கிறார். கேட்டிருந்தால் டின்னோடு கொடுத்திருப்பேனே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டின்னைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "டின்னுல வந்ததே கலப்படமா இருந்திருக்குமுங்க" என்றார். தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன். காரைப் பழைய இரும்புக்குப் போட்டோம். 'ஆமாங்க, நான்தான் ஊத்தினேன்' என்று என்றாவது ஒருநாள் வாசலில் வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஒரு வார்த்தை போதும், மறுபடி ஒரு பழைய காரைத் தேடியிருப்பேன். கல்யாண வீடுகளில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், சௌக்கியம் விசாரித்தோம். அவர் அதைச் சொல்லவே இல்லை.

துக்க வீட்டில் பாவாயி என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "அண்ணா, நீங்க வெளக்கெண்ணெயை ஊத்தி வண்டியைப் பாழாக்குனீங்கன்னு அவரு ஒருநாளும் உங்களைக் குத்தமாப் பேசுனதில்லீங்க. 'வக்கீலு தெரியாமப் பண்ணிட்டாரு, நான் அப்பவே மன்னிச்சுட்டேன்'னுதான் எல்லாத்துகிட்டயும் சொல்லுவாருங்க" என்றாள். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, "தங்கமான மனுசனுங்க அவரு" என்று என் தோளைத் தட்டினார்.

பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் என்ன சொல்வது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இவ்வளவு காலம் அவரை மன்னிக்க நான் காத்திருந்தேன். அவரோ என்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னியப்பனிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த மன்னிப்பு ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொடுக்க இனி எனக்கு ஆளில்லை.