சனவ்பரின் இடது கடைவாய்ப் பல்

சனவ்பர் அக்கா வாயிலிருந்து இரண்டுதான் வெளியே வரும். ஒன்று வசவு, இன்னொன்று ஆப்ரிகாட் கொட்டையின் ஓடு.

இஸ்ஃபரா ஊர்ச் சந்தையில் முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கொட்டைகளை உப்புநீரில் ஊறவைத்து, சூடான சாம்பலில் வறுத்து விற்கிறாள். ஒவ்வொரு ஈடு இறங்கியதும் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்து ஒரு கடி. 'டக்' என்றால் பக்குவம். சத்தம் மந்தமாக வந்தால் மறுபடி அடுப்புக்கு. பல் பாழாகிறதே என்று மகள்கள் ஒரு சுத்தியல் வாங்கித் தந்தார்கள். அதை வைத்துக் கடைக் கூரைக்கு ஆணி அடித்தாள்.

பல் சும்மா இருக்குமா? கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் சொத்தை. பல் டாக்டர் ஃபராங்கிஸும் அவளுக்கு உதவியாளாக இருக்கிற நானும்தான் அடைப்போம். இரண்டு வருஷத்தில் அடைப்பு கழன்றுவிடும், ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகும்.

"அக்கா, இன்னொரு தடவை உள்ள சொத்தை இறங்கினா பல்லைப் பிடுங்கித்தான் ஆகணும்" என்றாள் டாக்டர்.

சந்தையையே அதட்டுகிறவள் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தாள். "பல்லு போயிட்டா கொட்டை வறுபட்டுச்சான்னு நான் எதை வெச்சுக் கேக்கறது?" என்றாள்.

ஃபராங்கிஸுக்கு முப்பத்து நான்கு வயது. எதையும் சும்மா விடாத பெண். அடைப்பு ஏன் கழல்கிறது என்று படித்துப் படித்துக் கண்ணே சிவந்துபோயிருந்தது.

"அடைப்பை ஒட்டற பசை மேல தப்பில்லக்கா. பசை பிடிக்கணும்னு பல்லுல அமிலம் தடவறோமில்ல, அப்ப பல்லுக்குள்ள தூங்கிட்டிருந்த என்சைம் எல்லாம் முழிச்சுக்குது. பசை பல்லோட எந்த நாரைப் பிடிச்சிட்டு நிக்குதோ, அதையே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடுது."

"என் பல்லு என் பல்லையே திங்குதா? என் புருஷன் வீட்டு ஆளுங்க மாதிரியில்ல இருக்கு!"

அந்த என்சைமை அடக்க ஒரு வழி இருந்தது. வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற குளோர்ஹெக்சிடின்தான். பசை தடவுமுன் அதை ஒரு நிமிஷம் பல்லில் பூசினால் என்சைம் அடங்கும் என்று அவள் படித்த கட்டுரைகளில் எழுதியிருந்தார்கள். சோதித்துப் பார்க்க டாக்டர் நாற்பது பேரைச் சேர்த்தாள், அக்காவும் அதில் ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் வெறும் தண்ணீர். ஒரே மாதிரி இரண்டு சீசா. எதில் எது என்று டாக்டருக்கே தெரியக்கூடாது. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுதி, ஆளுக்கொரு கவரில் போட்டு ஒட்டி, இரும்பு அலமாரியில் பூட்டினேன். மூன்று வருஷம் கழித்துப் பல்லைப் பார்த்து முடித்த பிறகுதான் திறக்க வேண்டும். அதுவரை கொட்டை கடிக்கவே கூடாது. அக்கா ரொட்டிமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அடுத்த மாதம் வெங்காயம் வாங்கப் போனேன். 'டக்!'

"அக்கா! சத்தியம் பண்ணினியே!"

"கத்தாதடி மத்லூபா. இடதுலதான் கடிக்கறேன். மருந்து வெச்சது வலதுல. டாக்டரு அங்கதானே ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தா, எனக்குத் தெரியாதா? வலதைத் தங்கமாப் பாத்துக்கறேன். இடது போனாப் போகட்டும்."

மருந்து வைத்தது இடதில். சீசாவை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். சொன்னால் சோதனை பாழ், சொல்லாவிட்டால் அவள் பல் பாழ். வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அந்த வரிசைப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்த 'டக்' மூன்று வரிசை தாண்டிக் கேட்கும்.

மூன்றாம் வருஷம் முடிந்து, ஆப்ரிகாட் பழுக்கிற மாதம், அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்ததும் உண்மை தானாக வெளியே வந்துவிட்டது.

"ஒரு பக்கம் கடிச்சேன் கண்ணு. நாளுக்கு ஆறு, ஏழு."

"மூணு வருஷமாவா? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே! எந்தப் பக்கம்?"

"நீதானே டாக்டரு, பாத்துச் சொல்லு."

கோபத்தில் ஃபராங்கிஸின் காது சிவந்துவிட்டது. ஊசி முனையை எடுத்து வலது அடைப்பின் ஓரத்தில் ஓட்டினாள். சிக்கியது. விளிம்பு திறந்து பழுப்புக் கோடு விழுந்திருந்தது. நல்லவேளை, சொத்தை உள்ளே இறங்கவில்லை. இடதில் ஓட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது. காற்றடித்து உலர்த்தி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி மாட்டி, மூன்று முறை பார்த்தாள்.

பார்த்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வலதுலதான் கடிச்சிருக்கீங்க" என்றாள்.

"இல்லியே. இடதுல."

ஃபராங்கிஸ் மறுபடி இடது பல்லை எட்டிப் பார்த்தாள். "கடிக்காத பல்லுல அடைப்பு விட்டுப் போச்சு, கடிச்ச பல்லுல நிக்குது! அப்ப இது கடிச்சதால போனதில்ல, என்சைம் உள்ளயிருந்து தின்னது! மத்லூபாக்கா, கவர்! கவரை எடுங்க!"

சாவி பூட்டில் நுழையவே மாட்டேன் என்றது. அவளே பிடுங்கித் திறந்து, கவரைக் கிழித்துப் படித்தாள். "இடது, குளோர்ஹெக்சிடின்!" முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்க அவள் குதித்த குதியில் கருவித் தட்டு கீழே விழுந்தது. நான் அழுதுவிட்டேன்.

"ஒரு வாயை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இன்னும் முப்பத்தொன்பது பேர் இருக்காங்க. இவங்க வேற சொன்ன பேச்சே கேக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

"அப்ப நான் தங்கமாப் பாத்துக்கிட்ட பல்லுல?" என்றாள் அக்கா.

"தண்ணிக்கா. வெறும் தண்ணி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

"தெரிஞ்சே நான் கடிக்கறதப் பாத்துட்டு வெங்காயம் வாங்கிட்டுப் போனியா, கல்நெஞ்சக்காரி!" திட்டிக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலெல்லாம் சாம்பல் வாசம்.

அன்றே வலதையும் மருந்து பூசி அடைத்தோம். எழுந்ததும் அக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து இடது கடைவாயில் வைத்தாள். டாக்டர் கத்தப்போகிறாள் என்று பார்த்தேன். அவளோ குனிந்து, அக்காவின் கன்னத்தருகே காதை வைத்தாள்.

'டக்.'

"இன்னொண்ணு கடிங்கக்கா" என்றாள் டாக்டர்.