துறைமுக எல்லைக்குள் மட்டும்

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். கடலூர் முதுநகர் ஜங்ஷனில் ஐந்து நிமிடம் நின்ற எங்கள் ரயில் மறுபடி நகர்ந்த நேரம் அது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி கனகம், “ஏங்க, கப்பல் நிக்கிறது இந்தப் பக்கம்தானே? இங்கயே எறங்கிடலாமா?” என்று கேட்டிருந்தாள். “அடுத்த ஸ்டேஷன்தான், பேசாம இரு” என்று சொன்னவன் நான். எல்லாம் கெட்டது அங்கேதான். எனக்கு அது தெரிய ஐந்து மணி நேரம் ஆயிற்று.

சிதம்பரத்தில் ஏழே முக்காலுக்கு ஏறியிருந்தோம். ஏறக்குறைய இருபத்தெட்டு மைல். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போயிற்று. கனகத்துக்கு இதயம் பலவீனம். வீட்டில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். “அவசியம் என்றால் போய் வாருங்கள்” என்று டாக்டர் அரை மனதோடு சொன்னார். அவசியம்தான். எங்கள் மகன் ராஜுவைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

ராஜு ரங்கூனில் பிறந்தவன். நான் அங்கே அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் ஊர் திரும்பியபோது, படிப்பு முடியட்டும் என்று அவனை ரங்கூனிலேயே கனகத்தின் அண்ணன் வீட்டில் விட்டுவந்தோம். பிறகு வேலைக்காக அவன் பர்மியக் குடியுரிமை வாங்கிக்கொண்டான். மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் விசா இல்லாமலே நாகப்பட்டினத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவை காமன்வெல்த் நாடுகள். பர்மா அதில் இல்லை. விசா கேட்கலாம் என்றால் பர்மாவில் பாஸ்போர்ட்டே தரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. கப்பலில் வேலை செய்கிறவனுக்கு விசா வேண்டாம். கப்பல் நங்கூரம் போட்டிருக்கும்போது அதிகாரி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் மாலைவரை கரையில் இருக்கலாம். ராஜு எப்படியோ ஓர் அயல்நாட்டுக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இரும்புத் தாது ஏற்றக் கடலூர் வருவதாகக் கல்கத்தாவிலிருந்து கடிதம் போட்டான். ஒரு நாள்தான் கரையில் இறங்கலாம்; மறுநாள் விடியலில் கப்பல் கிளம்பிவிடும். கப்பல் ஏஜெண்டு விலாசத்துக்கு நான் பதில் எழுதினேன்: “காலை ரயிலில் வந்து திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்குவோம். அங்கே வந்துவிடு.”

எங்கள் பக்கத்தில் கடலூருக்குப் போவதென்றால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குவதுதான் வழக்கம். கோர்ட்டுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கேதான் இறங்குவோம். துறைமுகம் முதுநகரில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. மூன்று மைல்தானே, பையன் பஸ்ஸில் வந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் சீட்டுக்கு எல்லை உண்டா என்று யாரையும் கேட்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் கனகத்தின் தம்பி சபாபதி சைக்கிளோடு காத்திருந்தான். அண்ணாகிராமத்துப் பலாச்சுளையை வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

“யக்கா, ஒம் புள்ள தொரை மாதிரி தொப்பி போட்டுக்கினு வரப்போறான் பாரு. இந்த மாமன யாருன்னு கேப்பான்.”

“நீ கம்முனு கெட. ஒன் தொந்தியப் பாத்தா யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?” என்று கனகம் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மணிக்குச் சபாபதி சைக்கிளை எடுத்துக்கொண்டு முதுநகர் போனான். இரண்டே காலுக்கு வேர்த்து வழியத் திரும்பி வந்தான்.

“மாமா, மோசம் போயிட்டோம். தொறமுக எல்லைக்குள்ள மட்டும்னு அவன் சீட்டுல எழுதியிருக்காம். தாண்டுனா புடிச்சி உள்ள வச்சிடுவாங்களாம். கடுதாசியப் பாத்துட்டு ஆபீசர்கிட்ட ரொம்பக் கெஞ்சினானாம், முடியாதுன்னுட்டாராம். என் கண்ணுல அவன் படல. நீங்க வர்றீங்கன்னு தொறமுகக் கேட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். அலை ஜாஸ்தியா இருக்குன்னு நாலு மணிக்கே எல்லாப் படகையும் கப்பலுக்குத் திருப்புறாங்களாம்.”

பஸ் கூட்டத்தில் கனகத்தை ஏற்ற முடியாது; டாக்சி அகப்படவில்லை. ஒன்றரை ரூபாய்க்கு ஒரு ஜட்கா குதிரைவண்டி கிடைத்தபோது மணி மூன்றேகால் ஆகிவிட்டது. கனகத்தைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னா மெதுவா ஓட்டணும். அவசரம்னா வேகமா ஓட்டணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்.”

கனகம்தான் சொன்னாள்: “வேகமா ஓட்டுப்பா.”

ஒவ்வொரு குழிக்கும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முதுநகர் நெருங்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. திறந்த பெட்டிகளில் கறுப்பும் செம்மையுமாகத் தாது குவிந்திருந்தது. எல்லாம் அவன் கப்பலுக்குப் போகிற சுமை. அது நகர இருபது நிமிடம் ஆயிற்று.

படகுத்துறையை நாங்கள் அடைந்தபோது மணி நாலு பத்து. கப்பல் ஆட்களின் படகு போய்விட்டது. கேட்டில் இருந்த அதிகாரி கனகத்தைப் பார்த்ததும் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“முடிஞ்சவரைக்கும் படக நிறுத்தி வச்சிப் பாத்தோம் சார். அலை ஏறிடுச்சி. ஏன் சார், காலையில உங்க ரயிலு இங்க ஜங்ஷன்லதானே நின்னுது? இங்கயே இறங்கியிருக்கலாமே?”

என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனைவிக்கு இன்றுவரை நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்து இருபத்தைந்து மைல் வந்து சேர்ந்த இடத்தை விட்டு, வேண்டாத மூன்று மைலுக்கு அவளை நான் கொண்டுபோனேன்.

கப்பல் தூரத்தில் நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. கனகம் பலாச்சுளைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபாபதி அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிள் செயினைத் துடைத்தான்.

ஆறு மணிக்கு மேல், கப்பல் ஆட்களைக் கொண்டுவிட்ட கடைசிப் படகு திரும்பி வந்தது. சிங்காரத்தோப்புப் படகுக்காரர் ஒருவர் இடுப்புவரை நனைந்து கரையேறி, நேராகக் கேட்டுக்கு வந்தார்.

“செதம்பரத்துக்காரங்க யாரு?”

எழுந்து நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டுக் கனகத்தின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஒங்க புள்ளைய நான்தாம்மா கப்பல்ல ஏத்திவுட்டேன். ஜங்ஷன் எல்லைக்குள்ளதானாம், காலையில அங்க நின்னு பொட்டி பொட்டியா ஒங்களத் தேடுனாராம். வண்டி கெளம்பயிலதான் ஜன்னலாண்ட ஒங்களப் பாத்தாராம். ஓடியாந்து படியில ஒரு காலும் வச்சிட்டாராம். அப்பறம் சீட்டு நெனப்பு வந்து எறங்கிட்டாராம். ‘அம்மாவ நான் பாத்துட்டேன், அத மட்டும் சொல்லிடு’ன்னாரு.”