கை எட்டிய உயரம் வரை துரு

வேங்கிக்காலில் வெல்டிங் பட்டறை நடத்துகிறாளே பிர்தௌஸ், அவளைப் பற்றிச் சொல்கிறேன். நூருல்லா பாயின் மகள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்பாவுக்கு உதவியாக வந்தவள். இப்போது அவர்தான் இவளுக்கு உதவி. யாராவது வந்து "பாய் இல்லியா?" என்று கேட்டால், "வேலைய எங்கிட்ட சொல்லுங்க, பாய் டீ வாங்கப் போயிருக்கார்" என்பாள். வெல்டிங் வைத்த இடத்தில் பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்காமல் எதையும் வெளியே விடமாட்டாள்.

அடி அண்ணாமலையில், கிரிவலம் வருகிறவர்களுக்கான எங்கள் தண்ணீர்ப் பந்தலை, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் போட்டுக் கொடுத்தது அவள்தான். புதிதாக இன்னும் இரண்டு பந்தல் போடவும் அவளிடமே பேசியிருந்தோம். அதற்குள், ஒன்றரை வருஷத்திலேயே, நான்கு காலிலும் துரு. பந்தலைப் பார்த்துக்கொள்ளும் சுப்பிரமணி போனில் கத்தினான்.

"இன்னாம்மா, டூப்ளிகேட் பைப்ப தலையில கட்டிட்டியா? அடுத்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கறோம். ஊரெல்லாம் சொல்லிடுவேன்!"

அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சண்டை போடவில்லை. ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தாள். என் தலைக்கு ஒரு சாண் மேலே போனால் துருவே இல்லை.

"அண்ணா, டூப்ளிகேட்டுன்னா மேலயும் துரு பிடிச்சிருக்கணும். பேனர் கம்பி கட்டி மேல கீறி வெச்சிருக்கீங்க, அங்ககூட ஒண்ணும் ஆகல. பக்கத்துல இருக்கற துத்தநாகம் தன்னத்தானே அரிக்க வுட்டு இரும்பக் காப்பாத்துது. கீழ பூச்சே இல்ல. யாரோ கை எட்டின வரைக்கும் தேச்சி எடுத்துட்டாங்க."

சுப்பிரமணி திரும்பி என்னைப் பார்த்தான். கை அவ்வளவுதான் எட்டுகிற குள்ளம் அங்கே நான் ஒருத்திதான்.

"நான்தான் தேச்சேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கு முன்னாடியும், புளியும் செங்கல் பொடியும் போட்டு. அதுக்கின்னா இப்போ? மலை சுத்த வரவங்க கண்ணுக்கு மங்கலா நிக்கலாமா?"

"ஆயா, இது பித்தளை சொம்பு இல்ல. அந்த மங்கல்தான் காத்தும் மழையும் பட்டு வளந்த தோல். அது இருந்தா அடியில பூச்சு சீக்கிரம் கரையாது. புளி ரெண்டையும் கரைச்சிடும்."

"பளபளன்னு வந்துச்சேடி!"

"வரும். தோல உரிச்சா உள்ள இருக்கறது நாலு நாள் பளபளன்னுதான் இருக்கும்."

சுப்பிரமணி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"போன்ல திட்டினீங்களே, அதுக்கு?"

"தப்புதாம்மா."

"அதையும் ஊரெல்லாம் சொல்லுங்க."

துருவைச் சுரண்டித் தேய்த்து, நான்கு காலுக்கும் துத்தநாகப் பெயிண்ட் அடித்தாள். அந்தச் சாம்பல் நிறம் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ஆனாலும் இப்போது வெறுந்தண்ணீர் ஊற்றித் துணியால்தான் துடைக்கிறேன். அன்றைக்கு அவள் கிளம்புவதற்கு முன் டேப்பை எடுத்தாள். ஒரு முனையைச் சுப்பிரமணி கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, புதிதாகப் போடவேண்டிய இரண்டு பந்தலுக்கும் இதையே அளந்துகொண்டுதான் போனாள்.