டோக்கியோவில் உமா மாமி பையன்

அடுத்த மாதம் டோக்கியோ போகிறோம். ஒரு நாள் முழுக்க எங்களுக்கென்று தனிக் கார், கூடவே கைடு. எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று நாங்களே சொல்லலாமாம்.

இதை என் மனைவி ஜெயந்தி நேற்று எங்கள் மயூர் விஹார் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் உளறிவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தால் ஹால் முழுக்க வடுமாங்காய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். எல்லாம் டோக்கியோவில் வேலை பார்க்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு.

மத்தியானம் கைடு வீடியோ காலில் வந்தார். ஜெயந்தி சொன்ன முகவரிகளைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "மூன்றாவது இடத்தில் பார்க்க வேண்டியது என்ன?"

"உமா மாமி பையன்," என்றாள் ஜெயந்தி. "இன்னும் கல்யாணம் ஆகலை. எப்படி இருக்கான்னு நேர்ல பாத்துட்டு வரணும்."

கைடு பணிவாகத் தலை குனிந்தார். "அவரைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்கட்டும்?"

"காபி குடுத்தான்னா அரை மணி."

நான் மெல்ல, "டோக்கியோ டவர்?" என்றேன்.

"உமா மாமி பையனை விட்டுவிட்டால் டவருக்கு நேரம் இருக்கும்," என்றார் கைடு.

ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள். "டவரோட அம்மா நம்ம லிஃப்ட்ல வரமாட்டா. உமா மாமி தினம் வருவா."

டோக்கியோ டவர் போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் இந்தப் பக்கத்தில் போட வேண்டும்.