அக்கா இறங்கிய வாய்க்கால்

அக்கா பிறந்தது கூடலூரில். எனக்குத் தாய்க்கு அடுத்த நிலையில் இருந்தவர். அனுமந்தன்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை இல்லை என்ற பேச்சையெல்லாம் காதில் வாங்காமல், மச்சானோடு திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்டார். மச்சான் மாரடைப்பில் போன பிறகும் தோட்டத்தை விற்கவில்லை. தேனியில் என் வீட்டோடு வந்து இருக்கும்படி எத்தனையோ முறை கூப்பிட்டேன். பந்தலுக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவது என்று கேட்பார்.

திராட்சைக்கு மருந்தடித்த காலி டப்பாக்களை வாய்க்காலில் வீசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நினைவு மலரில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். அந்தத் தண்ணீரைக் குடித்து அக்காவின் கன்றுக்குட்டி செத்தது. அதற்குப் பிறகு அவர் டப்பாக்களை அள்ளச் சாக்கை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் கூட இறங்கினார்கள். பேச்சும் சிரிப்புமாக வேலை நடக்கும். மச்சான் போன பிறகு அக்காவின் குரலில் தெம்பு வந்தது அப்போதுதான்.

சொந்த ஊரின் சுற்றுச்சூழலைச் சீர்செய்ய ஊராரைக் கூட்டி உழைக்கும் தனிநபர்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. அக்கா விண்ணப்பித்தார், கிடைத்தது. டப்பாக்களைப் போடக் கம்பிவலைக் கூண்டுகள், அள்ளிப் போக வண்டி வாடகை எல்லாம் அதில் நடந்தது. தெருவுக்கே போதும் அளவுக்குக் கையுறைகளும் வாங்கி வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. பணம் அக்கா பெயரில் வந்ததால் வேலையும் அக்காவுடையது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அக்கா காண்டிராக்ட் எடுத்திருக்கிறார் என்றே நினைத்தார்கள். முந்தின வாரம் வரை கூட இறங்கிய பக்கத்து வீட்டுப் பெண்ணே வாசலில் வந்து நின்று, "எங்க தோட்டத்துப் பக்கம் இன்னும் அள்ளலையேக்கா, எப்ப வருவீக?" என்று கேட்டிருக்கிறார். அக்கா மறுநாளே போய் அள்ளினார்.

இரண்டாம் தவணைக்கு முன் அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஊர் மக்களோடு சேர்ந்து உழைக்கும் படம் வேண்டும் என்றார்கள். கூப்பிட்டால் தெருவே வந்து நிற்குமே என்று அக்காவிடம் சொன்னேன்.

"படத்துக்கு நிக்க வருவாக தம்பி. பொய்யா நிக்க வச்சுட்டு, நாளைக்கு அவுகள எந்த மூஞ்சிய வச்சு வேலைக்குக் கூப்புடுவேன்?" என்றார். வந்தவர்களிடம், "இங்கன நான் மட்டுந்தேன்" என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை அத்தோடு நின்றது.

பணம்தான் நின்றுவிட்டதே, இனி வருவார்கள் என்று அக்கா நம்பினார். ஞாயிறுதோறும் கையுறைகளை எடுத்து வாசலில் வைப்பார். வெயில் ஏறியதும் உள்ளே எடுத்து வைத்துவிட்டுத் தனியாகப் போவார். அதை என்னிடம் சொன்னபோது குறையாகச் சொல்லவில்லை.

காய்ச்சலில் விழுந்து மருத்துவமனையில் சேர்த்தபோது பார்க்க வந்த கூட்டத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் போன பிறகு அக்கா மெல்லச் சொன்னார்: "இம்புட்டுப் பேரும் ஒருநா வந்திருந்தாகன்னா, வாய்க்கா ஒரே காலையில முடிஞ்சிருக்கும் தம்பி." சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், இன்று திதிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாய்க்கால் வேலையில் கடைசி வரை துணை நின்றவர்கள் என்று சிலர் பெயரையும் போட ஆசைப்பட்டேன். போடுவதற்குப் பெயர் இல்லை.

இந்த ஓராண்டில் வாய்க்கால் மறுபடியும் டப்பாக்களால் நிறைந்துவிட்டது. தண்ணீர் திறக்கப் போகிறார்கள். நாளைக் காலை நான் இறங்குகிறேன். அக்காவைப் போல அதைத் தனியாகச் செய்ய எனக்கு மனத்தெம்பு இல்லை. யாராவது வாருங்கள்.